குடிக்கக்கூடிய ஒரே புட்டி

தாள் சிவந்துவிட்டது. வெளிர் ஆரஞ்சு இல்லை, ரோஜா நிறமும் இல்லை. மாதுளை முத்தை நசுக்கித் தேய்த்தது போல அப்பட்டமான சிவப்பு. ஜிபார் அதைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ கீழிருந்து ஏறி வருவது போல இருந்தது. யாரும் வரவில்லை.

ஒருவேளை தன் விரலில்தான் ஏதாவது ஒட்டியிருந்ததோ என்று, எழுந்து போய் நடைபாதைக் குழாயில் கையைத் தேய்த்துக் கழுவினாள். ஆசிட் பட்டால் சிவக்கிற அந்தச் சோதனைத் தாளில் இன்னொன்றைக் கிழித்துத் தண்ணீரில் மட்டும் நனைத்தாள். மஞ்சளாகவே இருந்தது. அதன் மேல் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விட்டாள். சொட்டு விழுந்த இடம் கண்ணெதிரே சிவந்து பரவியது. ஆக, சந்தேகமே இல்லை. ஸ்பிரிட்டில் ஆசிட் கலந்திருக்கிறது.

கலந்தது யார் என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் பிஷ்கெக்கில் அந்தப் பல்கலைக்கழகத்து வேதியியல் கட்டடத்தில் ஸ்பிரிட் கேன் இருப்பது ஒரே அலமாரியில். அந்த அலமாரிக்கு ஒரே பூட்டு. பூட்டுக்கு ஒரே சாவி. சாவி தொங்குவது அவளுடைய அம்மா கலீச்சாவின் கழுத்தில். சாமான் கிடங்குக்கு அம்மாதான் பொறுப்பு. கால் மணி நேரத்துக்கு முன்னால், பிளேட் துடைக்க வேண்டும் என்று பொய் சொல்லி, அந்த அம்மாவின் கையாலேயேதான் இந்தக் குட்டிப் புட்டியை நிரப்பி வாங்கி வந்திருந்தாள்.

நாளை மதியம் கூட்டம். அதில் ஆய்வகத் தலைவர் நூரிலா எஜே, ஜிபாரின் சோப்பு தேறாது என்று சொல்லப்போகிறார்.

சோப்பு என்று பேருக்குச் சொல்வதுதான். சமவெளியில் விளைகிற கிழங்குச் சர்க்கரையையும் கொழுப்பிலிருந்து எடுத்த ஒரு மெழுகுச் சரக்கையும் சேர்த்துச் சமைத்தது அது. தலை சர்க்கரை, வால் கொழுப்பு. தலை தண்ணீரைப் பிடிக்கும், வால் எண்ணெயைப் பிடிக்கும். ஒட்டாத இரண்டையும் ஒட்ட வைப்பதே அதன் பிழைப்பு. பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில் படிக்கிற ஜிபார், பள்ளி விட்டதும் மூன்றாம் மாடி ஆய்வகத்துக்கு வந்து, குளிர்காலம் முழுக்க நின்று அதைச் சமைத்திருந்தாள். முதல் தடவை கருகியது. இரண்டாம் தடவை பிசினாக இறுகிக் குடுவையோடு போயிற்று. அப்புறம் ஒருநாள் தேன் நிறத்தில் தெளிந்து வந்தபோது, நூரிலா எஜே அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் ஜிபாரின் தலையில் கை வைத்தார். ஆய்வகத்துக்குத் தலைவர்தான், ஆனால் எல்லோருக்குமே அவர் எஜே, அதாவது அக்கா. அந்தக் கையின் கனம் ஜிபாருக்கு இன்னும் உச்சியில் இருந்தது.

அந்தச் சோப்பு வேண்டியிருந்தது தோக்தோசுன் என்பவருக்கு. ஆட்டு உண்ணிக்கு மருந்து செய்கிறவர், நாரின் என்கிற மலையூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய மருந்து தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில்தான் கரையும். மேய்ச்சல் மலையில் இடையன் புட்டியைத் திறந்து வாளித் தண்ணீரில் ஊற்றினால் மருந்து திரிந்து மேலே மிதக்கக் கூடாது. பால் போலக் கலக்க வேண்டும். அதற்குத்தான் சோப்பு. அந்தச் சோப்பு, மருந்தோடு ஸ்பிரிட்டுக்குள்ளேயே இரண்டு கோடைக்காலம், கூடாரத்துப் பெட்டியில் வெந்துகொண்டு கிடந்தாலும் கெடாமல் இருக்க வேண்டும்.

கெடுகிறதா என்று பார்க்க ஒரே வழி, சூடான ஓவனுக்குள் வைத்துக் காத்திருப்பது. மெத்தனால், புரொப்பனால், அசிட்டோன், எத்தனால் என்கிற நல்ல ஸ்பிரிட் என்று ஒவ்வொன்றிலும் சோப்பைக் கரைத்துப் புட்டிகளை இறுக மூடி வைத்தாள். வாரத்துக்கு ஒருமுறை எடுத்து, சில சொட்டுகளைத் தண்ணீரில் விட்டுக் குலுக்கினாள். மெத்தனாலில் நுரை பொங்கியது. புரொப்பனாலிலும் பொங்கியது. அசிட்டோனிலும் குறையில்லை. நல்ல ஸ்பிரிட்டில் மட்டும் வாரத்துக்கு வாரம் நுரை தாழ்ந்து, போன வாரம் தண்ணீரின் மேல் கொழுப்புத் துளிகள் மினுமினுத்தன. வால் கழன்றுவிட்டது. புதிதாகக் கரைத்து வைத்த இரண்டாவது தொகுதியும் அதே வழியில் போயிற்று.

ஏர்மெக் பைகேவுக்கு அது போதும். ஆய்வகத்தில் மேற்படிப்புப் படிக்கிற அண்ணன், எல்லோரையும் கேலி செய்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் போல இருப்பார். ஜிபாரின் புட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "உன் சோப்பு நம்ம ஊர்க்காரன் மாதிரிடி, ஸ்பிரிட்டைப் பார்த்தா தலை வேற வால் வேறயா கழண்டுடுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜிபாரும் சிரித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் அழுதாள். சின்னப் பெண் சமைத்தது, ஒட்டவைக்கப் போட்ட ஆசிட்டைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாள், அதுதான் வாலைக் கழற்றுகிறது என்று யாரோ மெதுவாகச் சொன்னது கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

இன்று பள்ளியிலிருந்து மினிபஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சோப்பில் ஆசிட் மிஞ்சியிருந்தால் எல்லாப் புட்டியும் கெட்டிருக்க வேண்டுமே. ஒன்று மட்டும் ஏன்? ஓவனுக்குள் இருந்த புட்டிகளை மனதில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மெத்தனால் புட்டியில் மண்டையோட்டுப் படம். மற்ற இரண்டிலும் ஏதோ ஓர் எச்சரிக்கைப் படம். கெட்டுப்போனது, மனுஷன் குடிக்கக்கூடிய ஒரே புட்டி.

அந்த நினைப்பு வந்ததும் தன் நிறுத்தம் தாண்டிப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

*

கிடங்கில் அம்மா தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். மேசையில் துணிக்குள் பொதிந்த போர்சோக் பணியாரம், நேற்றுப் பொரித்தது. நவ்ரூஸ் பண்டிகை நெருங்கிவிட்டதால் வீட்டில் மாவு வாசனை போகவே இல்லை. ஜிபார் கதவைச் சாத்திவிட்டுச் சிவந்த தாளை மேசைமேல் வைத்தாள். அம்மா அதைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே ஜிபாருக்குப் போதுமானதாக இருந்தது.

"கேனா மாமாவுக்காகவாம்மா?" என்றாள்.

அம்மா கெட்டிலை அணைத்தாள். கேனா மாமா என்பது கென்னாதி. அடித்தளத்தில் கண்ணாடி ஊதுகிறவர். கட்டடத்தில் இருக்கிற நல்ல குடுவை, நல்ல குழாய் எல்லாம் அவர் மூச்சு பட்டவை. அந்த மூச்சில் எப்போதும் ஸ்பிரிட் வாடை அடிக்கும் என்றும் எல்லோரும் சொல்வார்கள்.

"பனியில கெடந்தாருடி," அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள். "பின்வாசல்ல. புருவத்துல எல்லாம் ஐஸு. நான்தான் பார்த்தேன். வேற யாரும் பார்த்திருந்தா வேலையை விட்டே அனுப்பியிருப்பாங்க. சாவியை நான் கழுத்துலயே மாட்டிக்கிட்டாலும் எப்படியோ ஒரு கிளாஸ் கொறையும். அதான் ஒரு ஸ்பூன் லெமன் சால்ட்டை அள்ளிக் கேன்ல போட்டேன். புளிச்சா குடிக்க மாட்டார்ல."

"எப்போம்மா?"

"போன வருஷக் குளிர்லயே. அப்புறம் புதுசா வந்து ஊத்தும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்." அம்மா போர்சோக்கைத் துணியோடு அவள் பக்கம் தள்ளினாள். "அது உன் சோப்பைக் கெடுக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிடற பொருள்தானே."

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் ஜிபார் எதிர்பார்த்ததுதான். ஸ்பிரிட்டில் கை வைத்தது தெரிந்தால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள், சாவி போனால் வேலை போகும். எப்பாடுபட்டு இந்த வேலைக்கு வந்தோம் என்றும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, சொல்லாதே என்று மட்டும் சொல்லவில்லை. கிண்ணத்தில் தேநீர் ஊற்றி, பால் விட்டு, மகளின் முன்னால் நகர்த்தினாள். சொல்லாதே என்று கத்தியிருந்தால்கூட ஜிபாருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நாளைக்கு வாயைத் திறந்தால் அம்மா போச்சு. திறக்காவிட்டால் குளிர்காலம் முழுக்கச் சமைத்தது சாக்கடைக்குப் போகும். கழுவத் தெரியாத பெண் என்ற பேர் மட்டும் நிற்கும். நவ்ரூஸ் முடிந்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்கான திட்டப் போட்டி. நூரிலா எஜே கையெழுத்துப் போடாமல் அங்கே போக முடியாது.

தேநீரைக் குடிக்க முடியாமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சிவந்த தாள் மறுபடி கண்ணில் பட்டது. அவ்வளவு சிவப்பு. அம்மாவின் அலமாரியில் லெமன் சால்ட் டப்பா இருந்தது. சிட்டிகை எடுத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்து, ஒரு தாளை நனைத்தாள்.

ஆரஞ்சு.

இன்னொரு சிட்டிகை போட்டாள். இன்னும் கொஞ்சம் அடர்ந்த ஆரஞ்சு. அம்மா ஒரு ஸ்பூன் கேன் முழுக்கப் போட்டாள். இவள் போட்டது அதைவிடக் கெட்டியாகவே இருக்கும். அப்படியும் இது அந்த மாதுளை நிறத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

"அம்மா," என்றாள். குரல் வேறாக இருந்தது. "நீ வேற எதையும் போடலியே?"

"வேற எதைப் போடறது? நான் என்ன கெமிஸ்டா?"

*

நூரிலா எஜேயிடம் கடைசியாக ஒரு சோதனை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதும், அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, நாளை மதியத்துக்குள் எதைப் பார்ப்பாய் என்றார். கொதிக்க வைக்கிறேன், ஓவனில் வாரக்கணக்கில் நடப்பது கொதிக்கிற ஸ்பிரிட்டில் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும் என்றாள் ஜிபார். எஜே சரியென்றார். ஏர்மெக் பைகே அன்று ஒரு கேலியும் செய்யவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ கழுவிக்கொண்டே இருந்தார்.

வேலை மூன்று பங்காகப் பிரிந்தது. கேன் ஸ்பிரிட்டில் பாதியை எடுத்து, சாக்பீஸ் தூள் போட்டுக் குலுக்கினாள். உள்ளே இருந்த ஆசிட் சாக்பீஸோடு சேர்ந்து நுரைத்து அடங்கியது. அதை வடித்து, காய்ச்சி இறக்க வேண்டும். அதற்குத்தான் அடித்தளத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆவியைக் குளிர்விக்கிற நல்ல குழாய் கேனா மாமாவிடம் மட்டும்தான் இருந்தது.

அவர் கேட்டதும் எடுத்து வந்தார். மூன்று குடுவைக்கும் மூன்று குழாயைத் தாமே பொருத்தி, தண்ணீர்ப் பைப்பை மாட்டி, கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். கேன் திறந்தபோது மட்டும் மூக்கைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். அந்த வாடை தலைவலி தருகிறது என்றார். ஜிபார் அதை நம்பவில்லை.

காய்ச்சி இறக்கிய சுத்த ஸ்பிரிட் ஒரு குடுவையில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது. தாளை வைத்தாள், மஞ்சள் மாறவில்லை. அதிலிருந்து இரண்டு குடுவைக்கு எடுத்தாள். ஒன்றில் வெறும் சோப்பு. இரண்டாவதில் சோப்பும், அம்மா போட்ட அளவுக்கு லெமன் சால்ட்டும். மூன்றாவதில் சோப்பும் கேனிலிருந்து அப்படியே எடுத்த ஸ்பிரிட்டும். மூன்றையும் கொதிக்கவிட்டாள். மிச்சமிருந்த சுத்த ஸ்பிரிட் ஒரு குடுவை நிறைய மேசைமேல் நின்றது.

விடிய விடிய கொதிக்க வேண்டும். யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் வீட்டுக்குப் போயாக வேண்டும். கேனா மாமா தாமே சொன்னார், எப்படியும் இன்றைக்கு உலையை அணைக்க முடியாது, நான் மாடிக்கும் கீழுக்குமாக இருக்கிறேன் என்று. அம்மாவுக்கு இது தெரிந்தால் என்ன சொல்வாளோ. ஆனால் வேறு யாரும் இல்லை. கிளம்பும்போது அவர் பார்க்காத நேரம், மேசைமேல் இருந்த குடுவையின் கண்ணாடியில், ஸ்பிரிட் நிற்கிற உயரத்தில், பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டுப் போனாள்.

காலையில் பள்ளிக்குப் போகாமல் நேராக அங்கே ஓடிவந்தாள். கேனா மாமா ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். குடுவைகள் கொதித்துக்கொண்டிருந்தன. சுத்த ஸ்பிரிட், கோட்டில், மயிரிழை மாறாமல் நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சூடாயிற்று. ஏன் என்று நினைக்க அப்போது நேரமில்லை.

மூன்றிலிருந்தும் நுனிக்குழாயால் தொட்டு, வெள்ளைப் பிளேட்டில் மூன்று புள்ளி வைத்தாள். கரைப்பானில் நிறுத்தி, அது மேலேறியதும் எடுத்து, மருந்து தெளித்து, சூடான தட்டில் வைத்தாள். சர்க்கரை எங்கே இருக்கிறதோ அங்கே பழுப்பாகக் கருகும். முதல் பாதையில், மேலே, ஒரே பழுப்புப் பொட்டு. சோப்பு முழுசாக இருக்கிறது. மூன்றாவது பாதையில் மேல் பொட்டு மங்கி, கீழே புதிதாக ஒரு பொட்டு. வாலைக் கழற்றிவிட்டு ஸ்பிரிட்டையே வாலாகக் கட்டிக்கொண்ட சர்க்கரை. கண் இரண்டாவது பாதைக்குப் போக மறுத்தது. அங்கேதான் அம்மா இருந்தாள்.

ஒரே பொட்டு. மேலே. கீழே எதுவுமில்லை.

ஜிபார் பிளேட்டை இடுக்கியால் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து எல்லாம் செய்து பார்த்தாள். அதே பொட்டு. அம்மாவின் லெமன் சால்ட் சோப்பை ஒன்றும் செய்யவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். கேனா மாமா திடுக்கிட்டு எழுந்து எங்கே தீ என்றார்.

*

மதியம் தோக்தோசுன் வந்தார். தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பி, பூட்ஸில் இன்னும் காயாத மலைச் சேறு. நூரிலா எஜே அவருக்கு எதிரில் உட்கார்ந்து, நல்ல ஸ்பிரிட்டில் மட்டும் சோப்பு நிற்கவில்லை என்று ஆரம்பித்தார். அவர் அதைக் கேட்டுக்கொண்டே கல்பாக்கைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அப்போதே கிளம்பத் தயாராகிவிட்டது போல இருந்தது.

ஜிபார் கை தூக்கினாள். பள்ளிக்கூடப் பழக்கம். யாரும் கவனிக்காததால் எழுந்து நின்றாள்.

"எஜே, சோப்பு நிக்குது. ஸ்பிரிட்டுதான் நிக்கல."

அவள் எதிர்பார்த்திருந்த வேகத்தில் பேச்சு வரவில்லை. அதனால் பேச்சை விட்டுவிட்டுக் காட்ட ஆரம்பித்தாள். மூன்று சிலிண்டரில் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு குடுவையிலிருந்து சம அளவு சொட்டு. மூடி, மூன்றையும் ஒன்றாகப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் குலுக்கினாள். மேசைமேல் வைத்தாள். முதலிரண்டிலும் நுரை வாய்வரை ஏறி, கெட்டியாக, பாலாடை போல அப்படியே நின்றது. மூன்றாவதில் கொஞ்சம் எழும்பி, எல்லோரும் பார்க்கப் பார்க்கப் பொசுக்கென்று அடங்கியது.

பிளேட்டைக் காட்டினாள். சிவந்த தாளைக் காட்டினாள். சாக்பீஸ் போட்டுக் காய்ச்சியதைச் சொன்னாள்.

தோக்தோசுன் நுரையைப் பார்க்கவில்லை. நுரை ஆட்டுக்கு எதற்கு என்றார். தோல்பையைத் திறந்து தன் மருந்தை எடுத்து, முதல் குடுவையின் ஸ்பிரிட்டில் கலந்து, ஆய்வகத்து வாளியில் இருந்த தண்ணீரில் தாமே ஊற்றினார்.

ஊற்றிய இடத்தில் வெள்ளையாக ஒரு மேகம் விரிந்தது. அவர் குச்சியால் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். வாளி முழுக்கப் பால். துளி எண்ணெய் மிதக்கவில்லை. அவர் குனிந்து, விரலை விட்டு, விரலின் மேல் வெள்ளை படிந்து வழிவதைப் பார்த்தார். கல்பாக்கை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

"குதிரைப்பால் மாதிரி இருக்குதே," என்றார். "யார் பொண்ணு இது?"

"என் பொண்ணு," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கலீச்சா தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, கிண்ணங்கள் ஆறிப்போயிருந்தன.

ஜிபாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டாள். எஜேயின் முகம் விரிந்திருந்தது. சோப்பைத் தோட்டத்து மருந்துக்கும் கேட்கலாமா, கோடைக்குள் எவ்வளவு சமைக்க முடியும் என்று தோக்தோசுன் அடுக்கிக்கொண்டே போனார். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் அவர் சாதாரணமாகக் கேட்டார்: "சரி, ஸ்பிரிட்ல ஆசிட்டைப் போட்டது யாரு?"

கலீச்சா தட்டை வைத்தாள். கழுத்தில் இருந்த சாவியைக் கழற்றி எஜேயின் முன்னால் வைத்தாள்.

"நான்தான் எஜே. லெமன் சால்ட்டு."

"அது இல்லம்மா," என்றாள் ஜிபார் அவசரமாக. "ரெண்டாவது குடுவைல அதுதான் இருக்கு. அது சோப்பை ஒண்ணும் பண்ணல. இது வேற, பெரிய ஆசிட். நீ இல்ல." சொல்லி முடித்த பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே புரிந்தது. அம்மா இல்லையென்றால் இந்த அறையில் இருக்கிற வேறு யாரோ.

ஏர்மெக் பைகே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேலிக்காரர் முகத்தில் கேலி இல்லாவிட்டால் அது எவ்வளவு சின்னதாகிவிடுகிறது என்று ஜிபார் நினைத்தாள்.

"நான்தான்," என்றார். "ஹைட்ரோகுளோரிக். கேனை வண்டியிலேருந்து மேல தூக்கிட்டு வரும்போது, ஒவ்வொரு தடவையும் ஒரு மூடி. கேனா மாமா குடிச்சுச் செத்துடுவாரோன்னு பயம். வாயில வெச்சதும் துப்பிடுவார்னு நினைச்சேன்." அவர் ஜிபாரைப் பார்த்தார். "உன் புட்டி கெட்டப்பவே எனக்கு லேசா உறைச்சுது. தெரிய வேணாம்னு இருந்துட்டேன். அதுக்காகத்தான் அவ்ளோ கேலி பண்ணினேன். மன்னிச்சுக்கம்மா."

அவர் குரலில் முதல்முறையாக 'டி' இல்லை.

அப்புறம் நூரிலா எஜே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். புத்தாண்டுக்குக் கலீச்சா லீவு போட்டபோது சாவி என்னிடம்தானே இருந்தது என்றார். அப்போது நான் அரைக் கிண்ணம் வினிகர் ஊற்றினேன் என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வெடித்தது. கலீச்சா வாயைப் பொத்திக்கொண்டாள். தோக்தோசுன் இது என்ன ஆய்வகமா, ஊறுகாய்க் கடையா என்றார். மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே மனுஷனைக் காப்பாற்ற ஒரே கேனில். சிரித்துச் சிரித்து ஏர்மெக் பைகேவுக்குக் கண்ணில் நீர் வந்தது; அது சிரிப்பின் நீர் மட்டும்தானா என்று தெரியவில்லை. எஜே சாவியை எடுத்து, கலீச்சாவின் கழுத்தில் தாமே மாட்டிவிட்டார். புது ஸ்பிரிட் வரும், அதில் யாராவது எதையாவது போட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றார். ஜிபாரின் போட்டிக் காகிதத்தில் அங்கேயே, நின்றபடியே, கையெழுத்துப் போட்டார்.

குழாய்களைக் கழற்றிக்கொண்டு போக வந்த கேனா மாமா கதவருகில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்ததும் சிரிப்பு அறுந்தது.

"நான் விட்டு ரெண்டு குளிர்காலம் ஆச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெட்கப்படுகிறவர் போலச் சொன்னார். "அந்தப் பனியில விழுந்ததுக்கு அப்புறம் ஒரு சொட்டுத் தொடல. வாடையே ஆகல. கேன் கொறையறது, மூடி சரியில்ல, ஆவியாப் போகுது. புதுசா ஊதித் தரேன்னு சொல்லலாம்னு இருந்தேன். அந்தக் கேன் பக்கம் வந்தா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு சும்மா இருந்துட்டேன்."

எஜே எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கலீச்சா ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள். போர்சோக் மூட்டை பிரிந்தது. தோக்தோசுன் எல்லோரையும் பால் வாளியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜிபாரை நடுவில் நிறுத்தினார்கள். ஏர்மெக் பைகே அவள் தலைமேல் இரண்டு விரலால் கொம்பு வைத்தார். கேலி திரும்பி வந்துவிட்டது. அவளுக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நாள் வந்ததில்லை.

படம் எடுத்து முடிந்து, எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, கேனா மாமா மேசையிலிருந்த சுத்த ஸ்பிரிட் குடுவையை எடுத்துத் தன் மேலங்கி நுனியால் துடைத்தார். கண்ணாடியில் இருந்த பென்சில் கோட்டின் மேல் அவர் கட்டைவிரல் நின்றது. ஜிபாருக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகக் கேட்டார்:

"இந்தக் கோடு காலையில சரியா இருந்துச்சுல்ல கண்ணு, அப்போ உனக்குச் சந்தோஷமா இருந்துச்சா, இல்ல ஆச்சரியமா இருந்துச்சா?"